அமைதியோடு இருக்கிறீர்களா?

2027ஆம் ஆண்டின் உலக இளையோர் நாள் தென்கொரியத் தலைநகர் சியோலுக்குரியதென 2023இல் லிஸ்பனில் அறிவிக்கப்பட்டது. அங்குச் செல்ல விழையும் நம் இளையோர் முதலில் கற்கும் கொரியச் சொல் 'அன்னியோங் ஹாசேயோ'. 'அமைதியோடு இருக்கிறீர்களா?' என்பதே இவ்வணக்கத்தின் பொருள். விடைபெறும்போதும், செல்பவரிடம் 'அன்னியோங்கி காசேயோ' - அமைதியாய்ச் செல்லுங்கள் - என்றும், தங்குபவரிடம் 'அன்னியோங்கி கேசேயோ' - அமைதியாய் இருங்கள் - என்றும் கூறுவர். உயிர்த்த ஆண்டவரும் அஞ்சியிருந்த சீடருக்கு முதலில் அமைதியையே அளித்தார் அன்றோ!

பிறர் மொழியைக் கற்பது தேவைக்காகவா, அன்பிற்காகவா? விலையும் வழியும் கேட்பது நம் தேவை. வணக்கம் கூறுபவரோ தமக்கென எதையும் கேட்பதில்லை; மழலைபோல் தடுமாறி, நகைப்பிற்கும் ஆளாகித் தம்மைத் தாழ்த்துகிறார். உரோமையின் உயர்குடியில் பிறந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, 1606இல் மதுரை வந்து மாணவராய் அமர்ந்து தமிழ் கற்றார். 1623இல் அவர் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தபோது, அயலாரின் வாயில் நம் முன்னோர் கேட்டது தம் தாய்மொழியை.

ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் நம் நூற்பாலைகளிலும் ஒடியாவும் இந்தியும் பேசுவோர் உழைக்கின்றனர். அவர்களை ஏவும் சொற்களை நாம் விரைவில் கற்றுவிட்டோம். நலம் உசாவும் சொல்லைக் கற்றோமா? 'பலோ அச்சந்தி கி?' என்றால் ஒடிய மொழியில் 'நலமா?' என்பது பொருள். கடல் கடந்து கூறவிருக்கும் வாழ்த்தை முதலில் நம் வாசலில் நிற்பவரிடம் கூறிப் பழகுவோம்.