கார்ட்டூனும் தணிக்கையும்

குழந்தைக்குத் தீமையைக் காட்டலாமா என்ற கேள்வி பழையது. தேவர்கள் ஒருவரோடொருவர் போரிடும் கதைகளைச் சிறுவருக்குச் சொல்லக்கூடாது என்று பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் வாதிட்டார். இலங்கையின் பதுளை, பசறை, லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று அக்கேள்வி லய வீட்டுக் கூரையிலுள்ள டிஷ் வழியாக, தமிழ் பேசும் கார்ட்டூனாக இறங்குகிறது.

கார்ட்டூனின் தாக்கம் கற்பனையல்ல. 1963இல் உளவியலாளர் பண்டூராவின் ஆய்வொன்றில், பூனை வேடமிட்ட உருவம் பொம்மையை அடிப்பதைப் படத்தில் கண்ட குழந்தைகள் தாமும் கூடுதலாக அடித்தனர். அவரது மற்றோர் ஆய்வில், அடித்தவன் தண்டிக்கப்படுவதைக் கண்டவர்கள் குறைவாகவே பின்பற்றினர். ஆகவே காட்சியைவிட அதற்குக் கிடைக்கும் பொருளே கனமானது.

தோட்டத்துக் காமன் கூத்து இதற்குச் சான்று. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான். ரதி மண்ணில் விழுந்து புலம்புகிறாள். யாரும் பிள்ளையின் கண்ணைப் பொத்துவதில்லை. “ஏன் அப்பாயி எரிச்சாங்க?” என்றால் சொல்ல மடியோடு ஆள் இருக்கிறது. கார்ட்டூனுக்கு முன் அந்த ஆள் இல்லை. விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன தாய், கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகே திரும்புகிறாள். தணிக்கை ஒரு காட்சியை வெட்டலாம். விளக்கம் சொல்பவரை உண்டாக்காது. இதுவே அதன் பெரிய குறை.

ஆனாலும் கட்டுப்பாடு முழுதும் வீணன்று. 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் கார்ட்டூன் தொடரின் மின்னும் ஒளி நூற்றுக்கணக்கான சிறுவரை மருத்துவமனைக்கு அனுப்பியது. உடலைத் தாக்கும் காட்சியை எந்த விளக்கமும் சரிசெய்யாது. அங்கே தடையே முறை.