உட்பகையும் விடுதலை அறமும்

விடுதலை கோரும் மக்களின் கோரிக்கை நியாயமானதாயின், அவர்கள் பெயரால் ஆயுதம் ஏந்தியோரின் செயலனைத்தும் நியாயமாகிவிடுமா? பலஸ்தீன மக்களின் உரிமைப் போராட்டத்தை மனமார ஆதரிக்கும் நாம் இவ்வினாவைத் தட்டிக் கழித்தலாகாது.

2006 ஜனவரியில் நடந்த பலஸ்தீன சட்டமன்றத் தேர்தலில் 132 ஆசனங்களுள் 74ஐ ஹமாஸ் இயக்கம் வென்றது. நெடுங்காலம் தலைமை வகித்த ஃபத்தா 45 ஆசனங்களையே பெற்றது. மேற்கு நாடுகள் உதவிப் பணத்தை நிறுத்தின. இஸ்ரேல் வரிப்பணத்தைத் தடுத்து வைத்தது. 2007 பெப்ரவரியில் மக்காவிற் செய்துகொண்ட உடன்படிக்கையும் மார்ச்சில் அமைந்த கூட்டு அமைச்சரவையும் நிலைக்கவில்லை. ஜூன் மாதத்தில் காஸாவின் தெருக்களில் இரு சாராரும் மோதினர். பிடிபட்டோரை உயர்ந்த மாடிகளிலிருந்து தள்ளிக் கொன்ற கொடுமையை இரு தரப்பாரும் புரிந்தனர். ஈற்றில் காஸா ஹமாஸின் வசமாயிற்று. மேற்குக் கரையில் ஃபத்தாவின் நிருவாகம் எஞ்சியது.

அந்நியரின் சூழ்ச்சியே இதற்குக் காரணம் என்பர் சிலர். அது பொய்யன்று. முற்றுகையும் வறுமையும் வெளியார் அளித்த பணமும் ஆயுதமும் பகையை வளர்த்தன. ஆயினும் காரணம் வேறு; பொறுப்பு வேறு. பிடிபட்ட ஒருவனைக் கொல்லாது விடுவதற்கு எந்த வல்லரசின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் பொருதியது எதற்காக? காஸாவின் வானும் கடலும் அப்பொழுதும் இஸ்ரேலின் பிடியிலேயே இருந்தன. அரசே அமையாத நிலத்தில் அதிகாரத்தின் நிழலுக்காகச் சகோதரர் மடிந்தனர். இதற்கு ஓராண்டு முன்னர், 2006 மே மாதத்தில், இஸ்ரேலியச் சிறையொன்றிலிருந்த ஃபத்தா, ஹமாஸ் உள்ளிட்ட ஐந்து இயக்கங்களின் கைதிகள் ஒன்றுகூடித் தேசிய இணக்கத்துக்கான பொது ஆவணமொன்றை வரைந்தனர். அமைச்சுப் பதவியும் காவற்படையும் இல்லாத இடத்தில் அவர்களுக்கு ஒற்றுமை கைகூடியது.

ஈழத்து இயக்கங்கள் சிலவற்றின் இளைஞர் பலஸ்தீனப் போராளிகளிடம் பயிற்சி பெற்றவர்கள். 1986இல் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இயக்கம் இயக்கத்தைச் சுட்டதைக் கண்ட சமூகம் நம்முடையது. ஆகவே, இதனைத் தூரதேசத்துச் செய்தியென நாம் ஒதுக்க இயலாது.

2011இல் கெய்ரோவிலும் 2024 ஜூலையில் பீக்கிங்கிலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆனால் 2021 மே மாதத்துக்கெனக் குறித்த தேர்தலோ ஒத்திவைக்கப்பட்டது. தலைவர்கள் ஒருவரோடொருவர் பேசினர், மக்களிடம் கேட்கவில்லை.

ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமை மக்களுடையது. இயக்கம் அதனை இரவலாகவே பெற்றிருக்கிறது. அம்மக்களுள் ஒருவனைத் துரோகியெனத் தானே தீர்ப்பளித்துக் கொல்லும் இயக்கம், இரவல் பொருளுக்கு உரிமை கொண்டாடுகிறது. பலஸ்தீனத்தின் பக்கம் நிற்போர் இதனை வெளிப்படையாகச் சொல்லல் வேண்டும். ஆக்கிரமிப்பாளன் மகிழ்வானென்று அஞ்சி வாய்மூடுவது தோழமையாகாது.