பின் கதவு பூட்டவில்லையா? பிரித்துப் பார்!

தம்பி, 'மனக்கதவைத் திற' என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல மேடைக்கு மேடை ஆள் இருக்கிறது. நீ உன் காரின் பின் கதவைத் திற. உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று உன் கண்ணால் பார். நான் கேட்பது அவ்வளவுதான்.

என் வண்டிக்கு இருபது வயது. ரிமோட்டை அமுக்கினால் மூன்று கதவுகள் 'டக்' என்று பூட்டும். இடது பின் கதவு மட்டும் மூச்சுக்கூட விடாது. சோமனூர் போனாலும் பல்லடம் போனாலும் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அந்த ஒரு கதவைக் கையால் பூட்டுவேன். ஆறு மாதம் இதே பிழைப்பு. ஒரு பட்டறையில் காட்டினேன். எட்டிக்கூடப் பார்க்காமல், "மொத்த செட்டையும் மாத்திடலாங்க" என்றார்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாமளாபுரத்தில் தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் அப்படித் தலையாட்டலாமா?

தறிக்குடோனில் என்ன நடக்கிறது? பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். அதில் ஒன்று அறுந்தால் துணியில் கோடு விழுகிறது. தறி ஓட்டும் அக்கா உடனே தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, விரல் நுனியில் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டிவிடுகிறார். பாவு தீர்ந்தால் பிணைக்கிறவர் வந்து சம்மணம் போட்டு உட்காருகிறார். பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். ஓர் இழை அறுந்ததற்காகத் தறியையே மாற்றச் சொன்னவர் யாராவது உண்டா? ஆயிரம் இழைக்கு அஞ்சாத ஊர், ரெண்டு வயருக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

ஆமாம், ரெண்டே வயர்! பழைய வண்டிகளில் வெளியே வாங்கிப் பொருத்திய சென்ட்ரல் லாக்கில், பெரும்பாலும் டிரைவர் கதவு மோட்டாருக்கு ஐந்து வயர், மற்ற கதவுகளுக்கு இரண்டிரண்டு. மின்சாரம் ஒரு திசையில் போனால் கம்பி இறங்கிக் கதவு பூட்டும்; திசை மாறினால் கம்பி ஏறித் திறக்கும். இவ்வளவுதான் சூத்திரம். நாலு கதவும் செத்துக் கிடந்தால் ஃபியூஸையும் டிரைவர் கதவையும் பார். ஒன்று மட்டும் மக்கர் செய்தால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கதவோடுதான். அதில் காதை வைத்து ரிமோட்டை அமுக்கு. உள்ளே 'விர்' என்று சத்தம் வந்தும் கதவு பூட்டவில்லையா? கம்பி கழன்றிருக்கும், இல்லை பல்சக்கரம் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லையா? மோட்டார் போயிருக்கும், இல்லை வயர் அறுந்திருக்கும். நோய் தன் பெயரைத் தானே சொல்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். திருகாணிகள் சுலபமாக வந்துவிட்டன. கண்ணாடி ஏற்றும் கைப்பிடிதான் வரமாட்டேன் என்றது. அதன் முதுகில் ஒரு சின்னக் கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். அதை எடுக்க நம்மூர் பனியன் வேஸ்ட் துணியே போதும். கைப்பிடிக்குப் பின்னால் துணியைச் செருகி, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் துள்ளி வெளியே வரும். (என்னுடையது துள்ளிச் சாக்கடையில் விழுந்தது. இன்னொரு கையால் பொத்திக்கொள்.) பேடுக்குள்ளே ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள், அதைக் கிழிக்காமல் உரித்தேன். மோட்டாருக்கு வரும் இரண்டு வயரில் டெஸ்ட் லேம்பை மாட்டி ரிமோட்டை அமுக்கினேன். மோட்டார் செத்திருந்தால் விளக்கு ஒரு கணம் மினுக்கியிருக்க வேண்டும். மினுக்கவில்லை. அப்படியானால் வயர்!

எங்கே அறுந்திருக்கும்? தினமும் மடிகிற இடத்தில்தான். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதே, அதற்குள். கதவைத் திறக்க ஒரு மடிப்பு, மூட ஒரு மடிப்பு, இருபது வருடமாக. குழாயை நகர்த்திப் பார்த்தால் வயர் முழுசாகத்தான் தெரிந்தது. லேசாக இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டது. மேல்தோல் நன்றாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து கிடக்கிறது!

படிப்பு இல்லையே, பயிற்சி இல்லையே என்கிறாயா? இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், சூலூர் பக்கத்துக் கலங்கலில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பித்துப் பிடித்து, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாக அக்கக்காகப் பிரித்தார், திரும்ப மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார், தானே ஓட்டினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் மின்மோட்டாரே செய்துவிட்டார். இன்று அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயர். மோட்டாரையே உருவாக்கிய மண்ணில், கட்டைவிரல் கனத்து மோட்டாரைப் பார்த்து நீ ஒதுங்குகிறாயா? வெட்கமாக இல்லை?

வீம்புக்காகச் சொல்லவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் வயரை வெட்டாதே. ஏர்பேக் வயரிங் ஓடுகிற புது வண்டிக் கதவு என்றால் தெரிந்தவரிடமே விடு. முடியாததை முடியாது என்று சொல்லவும் துணிச்சல் வேண்டும். ஆனால் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே முடியாது என்றால் எனக்குக் கோபம் வரும்!

அறுந்த இடத்தில் ஒரு சாண் புது வயர் சேர்த்து, பற்றவைத்து, ஸ்லீவ் போட்டேன். பேட்டரியை மாட்டி ரிமோட்டை அமுக்கினேன். நாலாவது 'டக்' கேட்டது. நம்ப முடியாமல் பூட்டினேன், திறந்தேன், பூட்டினேன், திறந்தேன். சத்தம் கேட்டு மனைவி வாசலுக்கு வந்தாள்.

"மிக்ஸி ஒரு மாசமா ஓடலீங்க. அதையும் பிரிச்சுப் பாருங்க."