ஒளிக்கொடை

ஒருவன் அன்பினால் செய்த செயல் மற்றோர் உயிருக்குக் கேடாய் முடியுமாயின், அக்கேட்டிற்கு அவன் பொறுப்பாவானா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. ஜொகூர் பாருவில் ஒரு வரிசை வீட்டின் கூடத்தில், சுவரோரம் வைக்கப்பட்ட கண்ணாடித் தொட்டியின் முன்னும் இவ்வினா எழுவதுண்டு.

அத்தொட்டியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். நீளம் மூன்றடிக்கும் குறைவு. கொள்ளும் நீர் 100 லிட்டர். உள்ளே உப்புநீர், சில கற்கள், இரண்டு கோமாளி மீன்கள், கற்களின்மேல் ஐந்தாறு பவள உயிர்கள். தொட்டிக்கு உரியவர் நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வருபவர். மாலையில் களைத்து வந்து அதன்முன் அமர்வதே அவருக்கு ஓய்வு. பல ஆண்டுகள் எரிந்த விளக்கு மங்கிவிட்டது. சேமித்த பணத்தில் புதிய எல்.இ.டி. விளக்கொன்றை வாங்கி மாட்டுகின்றார். மாட்டிய அன்றே அதன் முழு ஒளியையும் திறந்துவிடுகின்றார். இரண்டு வாரத்திற்குள் பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுக்கின்றன. இவர் தனியொருவர் அல்லர். பழைய விளக்கை விடுத்துப் புதியதற்கு மாறியோருள் பலர் இவ்வழியே சென்று பாடம் கற்றவர்கள்.

பவளம் என்றதும் தமிழர்க்கு நினைவு வருவது நவமணிகளுள் ஒன்றாகிய செம்மணி. தொட்டியில் வளர்வது அதன் உறவினம். கடற்கரைத் தமிழர் முருகைக்கல் என வழங்கும் பாறையைக் கட்டும் உயிரினமும் அதைச் சார்ந்தவையும். தூத்துக்குடிப் பக்கத்தில் அக்கல்லை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுட்ட காலமும் இருந்தது. மலாய் மொழியில் இதனைக் 'காராங்' என்பர். எழுத்தைக் கோத்துக் கட்டுரை அமைப்பதற்கும் அதே ஒலியுடைய சொல்லே வழங்குகின்றது. மாணவர்கள் வகுப்பில் எழுதும் 'காராஙான்' அதிலிருந்து வந்தது. இரண்டிற்கும் வேர் ஒன்றோ வேறோ, சிறிது சிறிதாகக் கட்டி எழுப்புவது என்ற அளவில் பொருத்தம் நன்றாகவே இருக்கின்றது.

பார்வைக்குக் கல்லாகவும் செடியாகவும் தோன்றினும், பவளம் ஒரு விலங்கு. அதன் மெல்லிய சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அவை பத்து இலட்சத்திற்கும் மேற்படும். பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றது. சமைத்ததில் பெரும்பகுதியைத் தான் குடியிருக்கும் வீட்டிற்கே வாடகையாகக் கொடுத்துவிடுகின்றது. பவளத்திற்கு வேண்டிய ஆற்றலில் தொண்ணூறு விழுக்காடு வரை இவ்வாறு கிடைப்பதாகக் கணக்கிடுவர். ஆதலின் ஒளி அதற்கு அழகுப்பொருள் அன்று, சோறு. ஒளி குறைந்தால் பட்டினி. மிகுந்தாலோ, பாசியின் சமையல் தடுமாறி நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வகைகள் பிறக்கின்றன. அவற்றைத் தாங்காத பவளம் பாசியையே வெளியேற்றிவிடுகின்றது. நிறம் பாசியோடு போய்விட, உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பெலும்பு தெரிகின்றது. இதுவே வெளுத்தல். வெளுத்த பவளம் உடனே இறப்பதில்லை. சில வாரங்கள் பசியோடு காத்திருக்கின்றது. நிலைமை சீரானால் பாசி மீண்டும் குடியேறவும் கூடும்.

இத்தகைய உயிரை வீட்டில் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் கதிரவனே விளக்கு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களும் காற்றுக்குமிழியும் வெயிலும் கொண்டே கடல்தொட்டியைப் பேணிய தம் முறையை 1961ஆம் ஆண்டில் எழுதி உலகறியச் செய்தார். நிலநடுக்கோட்டை அடுத்த ஜொகூரிலும் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வரிசை வீட்டின் கூடத்திற்குள் வெயில் நுழைவதில்லை. நுழைந்தாலும் 100 லிட்டர் நீர் விரைவில் சூடேறிவிடும். ஆகவே மின்விளக்கு வந்தது. 'மெட்டல் ஹாலைடு' விளக்குகள் நல்ல ஒளி தந்தன. ஆனால் அடுப்புப்போல் எரிந்தன. விளக்கு நீரைச் சுடவைக்கும். அந்நீரைக் குளிர்விக்க இன்னோர் இயந்திரம் ஓடும். இரண்டிற்கும் கட்டணம் செலுத்தியாக வேண்டும்.

எல்.இ.டி. விளக்கு இத்தொல்லையைப் பெரிதும் தீர்த்தது. சிவப்பு ஒளி உமிழும் டையோடு 1962இலேயே வந்துவிட்டது. ஆற்றல்மிக்க நீல ஒளியோ முப்பது ஆண்டுகள் எவர் கைக்கும் அகப்படாமல் நின்றது. காலியம் நைட்ரைடு என்னும் பொருளோடு விடாது போராடி அதனை வென்ற அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர்க்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நீலமே பவளத்திற்கு வேண்டிய ஒளி. கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். ஆழத்திற்குச் செல்வது நீலமே. சிக்கனமும் மெய். 150 வாட் விளக்கு நாளுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் ஓராண்டில் ஏறத்தாழ 547 யூனிட் மின்சாரம் செலவாகும். அதே தொட்டிக்கு 60 வாட் எல்.இ.டி. விளக்கே போதுமெனக் கொண்டால் 219 யூனிட். மாற்றத்தைக் குறைகூற எவருக்கும் காரணமில்லை.

பின் கேடு எங்கிருந்து வந்தது? கண்ணிலிருந்து வந்தது. மனிதக் கண் பச்சை ஒளியில், அதாவது 555 நானோமீட்டர் அளவில், மிகக் கூர்மையாகக் காணும். பாசி விரும்பும் 450 நானோமீட்டர் நீலத்திலோ அக்கூர்மை இருபதில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடுகின்றது. ஆதலால் நீலம் மிகுந்த புதிய விளக்கு, பழைய விளக்கைவிட மங்கலாகவே பார்ப்பவர்க்குத் தோன்றும். மங்கலாக இருக்கின்றதே, பவளங்களுக்குப் போதாதே என்று இரங்கி அவர் திருகைக் கூட்டுகின்றார். கண்ணுக்குப் போதுமான அளவு வருவதற்குள், பாசிக்குத் தாங்கும் அளவு எப்போதோ கடந்துவிடுகின்றது.

இங்கே பேகனை நினையாமல் இருக்க இயலாது. மயில் அகவக் கண்டு, குளிரால் நடுங்குகின்றதென எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன் அவன். படர்கொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தேரையே விட்டுச்சென்றவன் பாரி. இரண்டையும் கொடைமடம் என்று ஒரே பெயரிட்டுச் சங்கப் புலவர் வழியில் வந்தோர் போற்றுகின்றனர். வகுப்பறையிலும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்வதே வழக்கம். ஆயினும் கூர்ந்து நோக்கின் இரண்டும் ஒன்றல்ல. முல்லைக்குத் தேவை உண்மையாகவே இருந்தது. கொடைதான் தேவையினும் பெரிது. மயிலுக்கோ தேவையே இல்லை. அது கொடுத்தவன் உள்ளத்தில் தோன்றிய தேவை. தொட்டிக்கு உரியவர் பேகனின் வழியினர். தம் கண்ணின் குறையைப் பவளத்தின் குறையாக எண்ணிக் கொடுத்தார்.

அங்ஙனமாயின் பேகனைப் போற்றும் தமிழர் இவரைப் பழிப்பது முறையோ? முறைதான் என்பதற்குக் காரணம் ஒன்றுண்டு. போர்வை வேண்டாத மயில் அதனை உதறிவிட்டுக் காட்டிற்குள் போய்விடும். வேண்டாத கொடையால் அதற்கு நேர்ந்த இழப்பு ஏதுமில்லை. ஆதலாலேயே அக்கொடை கதையாக நின்று இன்பம் தருகின்றது. பவளம் உதற இயலாது. கடலில் அதன் இளமுட்டுயிர், ஒட்டிக்கொள்ளுமுன் நீந்தித் திரிந்து தனக்கேற்ற இடத்தைத் தேடுகின்றது. தொட்டியில் அதன் இடத்தைத் தேர்ந்தவர் உரிமையாளர். அதன் பகலைத் தொடங்குபவரும் முடிப்பவரும் அவரே. அது நகராது, கத்தாது, முகம் திருப்பாது. மறுக்கும் ஆற்றல் பெறுவோனிடம் எவ்வளவு குறைகின்றதோ, அறிந்து கொடுக்கும் கடமை கொடுப்போனிடம் அவ்வளவு கூடுகின்றது. பேகனுக்கு மடம் அழகாயிற்று, இவருக்கு ஆகாது.

அவர் அறியாமல் செய்தார் என்பது ஒரு மறுப்பு. அறிய வழியே இல்லாத அறியாமை மன்னிக்கத்தக்கது. கேட்டால் தெரியும் அறியாமையை அவ்வாறு கூற முடியாது. பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி உண்டு. நண்பகலில் கடல்பரப்பில் விழும் வெயில் அக்கருவியின் அளவையில் 2,000 வரை காட்டும். மென்பவளங்கள் பலவற்றிற்குத் தொட்டியில் 100 போதும். கருவி இல்லாதோர்க்கும் எளிய முறை உண்டு. புதிய விளக்கை அதன் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதல். அல்லது விளக்கை உயரத் தூக்கிக் கட்டிப் படிப்படியாகத் தாழ்த்துதல். பாசி தன் நிறப்பொருளை மாற்றிக்கொண்டு புதிய ஒளிக்குப் பழக ஆறு, எட்டு வாரங்கள் ஆகும். ஆசிரியர்களுக்கு இது புதுச்செய்தியன்று. தாம் கற்ற இலக்கணம் முழுவதையும் முதற்பருவத்திலேயே கொட்டிவிட்டு, பிள்ளைகளின் கண்ணில் ஒளி போய்விட்டதே என்று வியந்த இளம் ஆசிரியர்கள் எல்லாப் பள்ளிகளிலும் இருந்திருக்கின்றனர்.

வேறொரு குறையும் சொல்லத்தக்கது. பவளத்தின் சில நிறப்பொருள்கள் நீல ஒளியை ஏற்றுப் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் திருப்பி உமிழ்பவை. அறையை இருட்டாக்கி நீல விளக்கை மட்டும் எரித்தால் தொட்டி முழுதும் தீபாவளிபோல் ஒளிரும். விருந்தினர் வரும் இரவுகளில் நள்ளிரவு வரை அவ்விளக்கு எரிவதுண்டு. அங்கே கொடுப்போனே பெறுவோனுமாகி விடுகின்றான்; கொடை என்ற பெயர்கூட அதற்குப் பொருந்தாது. பவளத்திற்கு இருளும் வேண்டும். பல பவளங்கள் இரவில்தான் கைகளை நீட்டி இரை தேடுகின்றன.

அதே எல்.இ.டி. விளக்கை மற்றொரு நோக்கோடு கையாண்டவரும் உளர். இலண்டனிலுள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தார் கதிரவன் எழுந்து மறைதலையும், பருவந்தோறும் மாறும் நீரின் வெப்பத்தையும், நிலவு வளர்ந்து தேய்தலையும் தொட்டிகளுக்குள் கருவிகளால் அமைத்தனர். 2013ஆம் ஆண்டில் அங்கே பவளங்கள் முட்டையும் விந்தும் வெளியிட்டன. 2019இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மீன்காட்சியகம் அவர்களோடு சேர்ந்து, அருகிவரும் அத்திலாந்திக் தூண்பவளத்தையும் அவ்வாறே இனம் பெருக்கச் செய்தது. விளக்கு ஒன்றே; அவர்கள் அதனைக் கொண்டு பவளத்திற்கு அதன் நிலவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சிக்கனத்தைப் பற்றியும் ஒரு சொல். எரிபொருளைத் திறம்படப் பயன்படுத்தும் பொறி வந்தால் எரிபொருள் மிஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. நிலக்கரிச் செலவு கூடவே செய்யும் என்று ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1865இலேயே எழுதினார். மின்கட்டணம் குறைந்ததும் இரண்டடித் தொட்டிக்கு அருகில் நான்கடித் தொட்டி ஒன்று வந்து நிற்பதைக் கண்டோர்க்கு அவர் சொன்னது விளங்கும்.

இனி, தொட்டியைவிடப் பெரிய தொட்டி ஒன்று ஜொகூர் மாநிலத்திற்கு உண்டு. மெர்சிங் கரைக்கு அப்பால் ராவா, பெசார், சிபு, திங்கி முதலிய தீவுகளைச் சூழ்ந்த கடல் அது. 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின்கீழ் 1994இல் அது கடற்பூங்காவாக்கப்பட்டது. அங்கே இசைவின்றி ஒரு பவளத்தை ஒடித்தலும் குற்றம். நல்ல சட்டம். எனினும் கைநீட்டி ஒடிப்பவனைத் தடுக்கும் சட்டம் வெப்பத்தைத் தடுக்க வல்லதன்று. வழக்கமான கோடை உச்சத்தினும் ஒரு பாகை வெப்பம் கூடிச் சில வாரங்கள் நீடித்தால் போதும். அவ்வெப்பத்தில் வழக்கமான வெயிலே மிகையாகிப் பவளம் வெளுக்கின்றது. 2010ஆம் ஆண்டில் மெர்சிங்கிலிருந்து படகேறிச் செல்லும் தியோமான் தீவின் முக்குளிப்பு இடங்கள் சில, வெளுத்த பவளங்கள் தேறுவதற்காக மூடப்பட்டன. 2024இல் உலகளாவிய நான்காம் வெளுப்பு அறிவிக்கப்பட்டபோது மலேசியக் கடலும் அதற்குத் தப்பவில்லை. அவ்வெப்பத்தை எவரும் பகைமையால் கொடுக்கவில்லை. வீட்டில் விளக்கு எரியவும், வண்டி ஓடவும், பிள்ளைகள் குளிர்ந்த அறையில் உறங்கவும் எரித்தவற்றின் மிச்சம் அது. கடலும் உதற இயலாத உயிர்களின் வீடே. அதற்குத் திருகும் இல்லை.

தொட்டிக்கேனும் திருகு உண்டு. வெளுத்த பவளங்களைக் கண்ட உரிமையாளர் அதனை ஐந்தில் ஒரு பங்கிற்குக் குறைக்கின்றார். விளக்கு எரியும் நேரத்தையும் எட்டு மணியாக்குகின்றார். இரண்டு பவளங்கள் தப்பவில்லை; மூன்றின் ஓரங்களில் மூன்றாம் வாரம் பழுப்பு நிறம் மெல்லத் தெரிகின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்த உறவினர் தொட்டியைப் பார்த்து, இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய விளக்கு ஏன் இப்படி மங்கலாய் எரிகின்றது என்று கேட்கின்றார். இன்னும் ஐந்து வாரம் ஆகும் என்கிறார் அவர்.