குருவுக்குப் பக்கத்தில் யார்?

என் மகன் 2016 மார்ச்சில் பிறந்தான். தொட்டில் போட்ட கையோடு அம்மா என்னை ஜோசியரிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் கட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கட்டத்தைப் பார்த்தார்.

"சிம்மத்துல குருவும் ராகுவும் சேர்ந்து உட்கார்ந்திருக்காங்க சார். குரு சண்டாள யோகம்."

யோகம் என்றதும் ஏதோ லாட்டரி அடித்த மாதிரி சந்தோஷப்பட்டேன். இது வேறு யோகமாம்!

"வாத்தியாரை மதிக்க மாட்டான். எதைச் சொன்னாலும் ஏன், எதுக்குன்னு கேட்பான். சேர்க்கை சரியா இருக்காது. கவனமா வளர்க்கணும்."

பரிகாரமும் சொன்னார். வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை. குருவுக்கு ஆலங்குடி, ராகுவுக்குத் திருநாகேஸ்வரம். இரண்டும் கும்பகோணம் பக்கம்தான். ஒரே நாளில் வேன் வைத்து முடித்தோம்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. குரு ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம். ராகுவுக்குப் பதினெட்டரை வருடம், அதுவும் எதிர்த்திசையில். ஆக, ஏழு வருடத்துக்கு ஒருமுறை இருவரும் சந்தித்தே தீர வேண்டும். 2016-ல் சிம்மத்தில், 2023-ல் மேஷத்தில், ஒவ்வொரு முறையும் சுமார் ஆறு மாதம். நம் நாட்டில் வருடத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கின்றன. அப்படியானால் அந்த ஆறு மாதத்தில் பிறந்த ஒரு கோடிப் பேரும் வாத்தியாரை மதிக்காதவர்களா?

கணக்கு எனக்குத் தெளிவாகவே புரிந்தது. ஆனால் பயம் கணக்குக்குக் கட்டுப்படுகிறதா என்ன?

மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. "உங்க பையன் மிஸ்ஸை எதிர்த்துப் பேசறான் சார். ஸ்கூல் ஆயாகிட்ட பாடம் கத்துக்கிட்டு வந்து, அதுதான் ஈஸின்னு கிளாஸ்ல சொல்றான்."

வாத்தியாரை மதிக்கவில்லை. சேர்க்கை சரியில்லை. ஜோசியர் சொன்ன இரண்டும் ஒரே போனில் வந்துவிட்டன! வீட்டுக்கு வந்தவன் முதுகில் ஒன்று வைத்தேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எனக்குத்தான் எட்டு வருடம் முன்பே தெரியுமே!

ராத்திரி அழுகை அடங்கிய பிறகு அவனே சொன்னான். ஒன்பதாம் வாய்ப்பாடு அவனுக்கு ஏறவில்லை. வராந்தாவில் நின்று அழுதவனுக்கு, பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா விரலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பத்து விரலையும் விரி. நாலொன்பது எவ்வளவு? இடதுபக்கத்திலிருந்து நாலாவது விரலை மடக்கு. மடக்கின விரலுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஆறு. முப்பத்தாறு!

"ஏம்ப்பா, ஆயாம்மாவுக்குத் தெரிஞ்சா தப்பா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அந்த யோகத்தின் பெயர் எனக்கு உறைத்தது. ஜோதிட நூல்கள் கிரகங்களுக்கும் சாதி பிரித்து வைத்திருக்கின்றன. குரு அந்தணர். ராகு வெளியாள். வெளியாள் பக்கத்தில் உட்கார்ந்தால் குரு கெட்டுப்போவார் என்பதுதான் அந்த யோகத்தின் அர்த்தம். வானத்திலும் தீட்டு! பலன் சொல்லும்போது அந்தச் சொல்லை நாம் கூச்சமில்லாமல் உச்சரிக்கிறோம், ஒரு கூட்டம் மனிதர்களின் பெயர் அது என்பதையே மறந்துவிட்டு.

ஆதிசங்கரர் காசியில் கங்கைக்குப் போகும் வழியில் எதிரே ஒரு சண்டாளர் வந்த கதை தெரியுமல்லவா? விலகிப் போ என்றார்கள். எது விலக வேண்டும், உடம்பா, உள்ளே இருக்கும் ஆன்மாவா என்று அவர் திருப்பிக் கேட்டார். சங்கரர் அந்த இடத்திலேயே அவரைக் குருவாக ஏற்றார் என்பார்கள். 'மனீஷா பஞ்சகம்' பிறந்த கதை அது. வந்தவர் சிவபெருமானே என்று கதை முடியும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம். கேள்வி சரியாக இருந்தால் போதாதா? கேட்டவர் கடவுளாகவும் இருந்தாக வேண்டுமா?

ராமானுஜர் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து ரகசிய உபதேசம் பெற்றார். வெளியே சொன்னால் நரகம் என்றார் குரு. சிஷ்யரோ கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்கிறது குருபரம்பரைக் கதை. பக்கத்தில் ஒரு ஜோசியர் இருந்திருந்தால், "பார்த்தீங்களா, குரு துரோகம்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்!

நியாயமாகச் சொன்னால், எல்லா ஜோசியரும் ஒரே மாதிரி இல்லை. இந்தச் சேர்க்கை உள்ளவர்கள் பழையதைக் கேள்வி கேட்பார்கள், யாரும் போகாத இடத்தில் ஞானத்தைத் தேடுவார்கள் என்று பலன் சொல்பவர்களும் உண்டு. கட்டம் அதேதான். படிக்கிற மனசுதான் வேறு.

குருவும் ராகுவும் என் மகனை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைச் செய்தது தெரியும். சொந்தப் பிள்ளை பேசுவதைக் கேட்காதவனாக ஆக்கினார்கள். யோகத்தின் ஆன்மிகப் பலன் அவன் ஜாதகத்தில் இல்லை, என் கையில் இருந்தது. அதை அவன் முதுகில் இறக்கினேன்.

அந்த வியாழக்கிழமையும் அம்மா மாலை கோக்கக் கொண்டைக்கடலை ஊறவைத்திருந்தார். நான் தடுக்கவில்லை. மகனோடு பள்ளிக்கூடம் போனேன். ஆயாம்மா வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தீங்களாமே... ரொம்ப நன்றிம்மா."

பதறிப்போய்த் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "மிஸ் ஏதாச்சும் சொன்னாங்களா சார்? இனிமே பண்ண மாட்டேன் சார்."

அந்தப் பதற்றத்துக்கு எந்தக் கோயிலில் பரிகாரம் என்று இதுவரை எந்த ஜோசியரும் எனக்குச் சொல்லவில்லை.