மறதிக்கு மருந்து எழுத்து



ஐயம்பேட்டையிலோ ராஜகிரியிலோ அஸர் தொழுதுவிட்டுப் பள்ளித் திண்ணையில் அமர்ந்தால் ஒரு பேச்சு காதில் விழும். "நம்ம காலத்திலே ஜூன் 12 என்றால் மேட்டூர் திறந்துவிடும். குறுவை தப்பாது. இப்போது காலமே கெட்டுவிட்டது!" என்பார் ஒரு பெரியவர். அதைக் கேட்டு ஒருவன் பாட்டன் நிலத்தை விலைபேசுகிறான். "இதெல்லாம் வருவதும் போவதும்தான்" என்று இன்னொருவன் கடன் வாங்கி விதைக்கிறான்.

இருவரில் யார் பேச்சு சரி?

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. அன்றிலிருந்து ஜூன் 12-ல் திறந்த ஆண்டுகள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. தாமதமான ஆண்டுகளே மிகுதி. 2012-ல் செப்டம்பர் 17; 2017-ல் அக்டோபர் 2. மழைக் குறைவோடு பங்கீட்டுத் தகராறும் இதற்குக் காரணம். வெள்ளமும் புதிதல்ல. 1924-ல் காவிரி கரைபுரண்டது. 1952-ல் தஞ்சையைப் புயல் சாய்த்தது. 2015-ல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை சராசரிக்கு மேல் 53 சதவீதம். மறு ஆண்டே 62 சதவீதம் குறைவு! பெரியவர் பொய் சொல்லவில்லை. நிறைந்த ஆண்டுகள் நெஞ்சில் நின்றன. காய்ந்த ஆண்டுகள் மறந்துபோயின.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? அதுவும் தவறு. ஓரிரு ஆண்டை வைத்துத் தட்பவெப்பத்தை அளக்க முடியாது. முப்பது ஆண்டுச் சராசரியை வைத்தே அறிஞர்கள் அளக்கிறார்கள். அப்படி நெடுங்காலக் கணக்கைப் பார்த்தால், 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் புகையே இதில் முதற்காரணம். மனிதக் கைகள் தேடிக்கொண்டதால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவதை ரூம் அத்தியாயம் என்றோ எச்சரித்துவிட்டது.

சகோதரர்களே! கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்பது பகரா அத்தியாயத்தின் கட்டளை. ஏன்? மனிதன் மறப்பவன். நூறு ரூபாய்க்கே எழுத்து வேண்டுமென்றால், அந்தக் கடனை அடைக்கும் மழைக்கு எழுத்து வேண்டாமா?

யூஸுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பாருங்கள். ஏழாண்டு விளைச்சல், ஏழாண்டு பஞ்சம் என்று அறிந்ததும் அவர்கள் காலத்தை ஏசவில்லை, கவலையற்றும் இருக்கவில்லை. கதிரோடு தானியத்தைச் சேமிக்கச் சொன்னார்கள். தவக்குல் என்பது அதுதான்.

ஆகவே மஹல்லாதோறும் பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மழை பெய்த நாள், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நாற்று விட்ட நாள், அறுத்த நாள் அனைத்தையும் எழுதுங்கள். பெரியவர் சொல்லட்டும், பேரன் எழுதட்டும். வாய்க்காலைத் தூர்வாருங்கள், உளூவின் தண்ணீரையும் அளந்து செலவிடுங்கள். பிறகு கையேந்தி மழை கேளுங்கள்.

செவி, பார்வை, இதயம் மூன்றும் நாளை விசாரிக்கப்படும். அறியாததைச் சாட்சி சொல்லாத கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக! நம் வயல்களுக்கு ரஹ்மத்தான மழையை அருள்வானாக! ஆமீன்.