யார் வாசலில் யார் நிற்பது?



பசித்தவனுக்குச் சோறிடுவது தர்மம் என்பதில் உங்களில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தச் சோற்றை எங்கே இடுவது? நம் வாசலிலா, அவன் வாசலிலா? அற்பக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள்.

யுத்த காலத்தில், 1943-ம் ஆண்டு, இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்னும் ஊரில், பெண்கள் தொண்டர் படையினர் வெளியே வர இயலாதவர்களுக்குச் சமைத்த உணவை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யுத்தம் ஓய்ந்தும் அவ்வழக்கம் ஓயவில்லை. 1954-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலும் தொடங்கிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி, ஆஸ்திரேலியாவின் போர்ட் அடிலெய்டில் 11 தொண்டர்கள் 8 முதியோருக்கு உணவு கொண்டு சென்றனர். இந்த ஆஸ்திரேலியப் பணியைத் தொடங்கியவர் டோரிஸ் டெய்லர் என்ற மாது. சிறு வயதில் நேர்ந்த விபத்தினால் நடக்கும் சக்தியை இழந்து, சக்கர நாற்காலியில் காலம் கழித்தவர் அவர்!

முதியோரையெல்லாம் ஒரு விடுதியில் சேர்த்துச் சோறிடுவது சுலபம். ஒரே அடுப்பு, ஒரே பந்தி. ஆனால் சமைக்க முடியாத ஒரே காரணத்துக்காக ஒருவர் தம் வீட்டை விட்டுப் போகவேண்டியதில்லை என்று அந்த அம்மாள் கருதினார். வயோதிகத் தாய் தந்தையரை எங்கே வைப்பதென்று யோசிக்கும் குடும்பத்தார் இதைச் சற்றே கவனிக்க வேண்டும். விடுதியில் இருப்பவர் பிறர் அடிக்கும் மணிக்கு எழுந்து, பிறர் காட்டிய இடத்தில் உட்காருகிறார். தம் வீட்டிலோ அவரே எஜமானர். உணவு கொண்டுவருகிறவர் கதவைத் தட்டி, உத்தரவு கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வாங்குகிறவன் வாசலில் நிற்பது உலக வழக்கம். இங்கே கொடுக்கிறவர் நிற்கிறார்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் அந்த உணவுக்கு முதியோர் ஒரு சிறு தொகை கொடுக்கிறார்கள். "இது தர்மமா, வியாபாரமா?" என்பீர்கள். வியாபாரம் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சில காசுகள் அவர்களைத் தலை குனியாமல் சாப்பிட வைக்கின்றன. ஏதுமற்றவரிடம் வற்புறுத்தி வாங்கினால் அது வேறு பேச்சு.

ஒரு குறையையும் மறைப்பதற்கில்லை. விடுதியில் பேச்சுத் துணை உண்டு. தனி வீட்டில் சாப்பாடு வந்து போனபின் மறுநாள் வரை எவருமில்லாமலும் போகலாம். தொண்டருக்கோ இன்னும் பல வீடுகள். நின்று பேசினால் அடுத்தவர் சோறு ஆறிவிடும். இரண்டு வார்த்தைக்குத்தான் நேரம். ஆயினும், தினமும் அதே வேளையில் தட்டுகிற கை ஒன்று இருப்பதால், கதவு திறவாத நாளில், உள்ளே என்ன ஆயிற்றோ என்று அன்றைக்கே விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறார்.